பட்டாளத்துத் தம்பதியின் குடும்ப வரலாற்றை எழுதும் முறை

கணவன், மனைவி இருவருமே ராணுவத்தில் பணியாற்றிய குடும்பத்தின் வரலாற்றை எழுத உட்காரும் பிள்ளைகள், பெரும்பாலும் அப்பாவின் பதவி உயர்வுகளையும் அவர் பார்த்த போர்களையும் வரிசைப்படுத்திவிட்டு, அம்மாவை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். அது அப்பாவின் பணிக்குறிப்பாக இருக்குமே தவிரக் குடும்ப வரலாறு ஆகாது. எந்த ஆண்டில் யார் எந்த ஊரில் இருந்தார், யார் யாரைப் பிரிந்திருந்தார் என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும். ஆகவே ஒரு நீளமான நோட்டில் ஆண்டு, அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று மேலிருந்து கீழாக நான்கு பத்திகள் போட்டுக்கொண்டு, கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் அதற்குரிய கட்டத்தில் பதிந்து வாருங்கள்.

அப்பாவின் பத்தி எளிதில் நிரம்பும். பணியிலிருந்து விலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புக்கிலும் பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையிலும் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, ராணுவ எண் ஆகியவை இருக்கும். பதக்கங்களின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். 1965 போருக்கான சமர் சேவா ஸ்டார், 1971-க்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் ஆகியவை போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு உரியவை; ரக்ஷா மெடலும் சங்கிராம் மெடலும் அந்தந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகத் தரப்பட்டவை. பெட்டியில் ஸ்டார் இல்லாமல் மெடல் மட்டும் இருந்தால் அவர் போர்முனையில் இல்லாதிருக்கக்கூடும். பேரப்பிள்ளைகளுக்கு அது சற்று ஏமாற்றமாக இருந்தாலும் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

அம்மாவின் பத்திக்குக் கூடுதல் உழைப்பு தேவை. 1992-ல் மற்றப் பிரிவுகளிலும் பெண் அதிகாரிகள் சேர்க்கப்படும் முன், ராணுவப் பணியில் இருந்த பெண் என்றால் அவர் பெரும்பாலும் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் அதிகாரியாகவோ மருத்துவராகவோ இருந்திருப்பார். நர்சிங் சர்வீஸைப் பொறுத்தவரை ஒரு விதியை மனத்தில் கொள்ள வேண்டும்: திருமணத்தையே காரணம் காட்டி அதிகாரியைப் பணியிலிருந்து விடுவிக்க 1977-ஆம் ஆண்டின் ராணுவ ஆணை ஒன்று இடம் தந்தது, அது 1995 ஆகஸ்டில்தான் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாறு 1988-ல் விடுவிக்கப்பட்ட ஓர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. எனவே அக்காலத்தில் பணியாற்றிய அம்மாவின் விலகல் தேதி திருமணத் தேதியை ஒட்டி வந்தால், “குடும்பத்துக்காக வேலையை விட்டார்” என்று எழுதிவிடாமல், விடுவிப்பு ஆணையில் என்ன காரணம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தாள் கிடைக்காவிட்டால் அவருடன் பணிபுரிந்தவர்களைக் கேளுங்கள்.

பிள்ளைகளின் பத்தியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. உண்மையில் குடும்பம் இருந்த ஊரை உறுதிசெய்வது அவர்களுடைய பள்ளி டி.சி.தான். 1963-இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்களில் படித்தவர்களிடம் ஊருக்கொரு டி.சி. இருக்கும், சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதில் துல்லியமாக இருக்கும். அப்பாவின் பணியிடத்தை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தாத ஆண்டுகள் தென்படும். அப்பா ஃபீல்டில், அதாவது குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத களப் பகுதியில் இருக்க, பிள்ளைகள் பெங்களூர் அல்சூரில் பாட்டி வீட்டில் இருந்து பள்ளிக்குப் போன காலமாக அது இருக்கலாம். அம்மாவுக்கும் வேறு ஊரில் போஸ்டிங் என்றால் மூன்று இடங்களில் மூன்று வாழ்க்கை நடந்திருக்கும். பிள்ளைகளை யார் வளர்த்தார்கள், பணம் எப்படி வந்தது, லீவில் யார் யாரிடம் போனார்கள் என்று விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். வரலாற்றின் பெரும்பகுதியை அந்த ஆண்டுகளுக்கே ஒதுக்கலாம்.

பழைய கடிதங்களில் ‘56 ஏபிஓ’ அல்லது ‘99 ஏபிஓ’ (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) என்று மட்டும் இருந்தால் அதை ஊர்ப் பெயராகக் கொள்ளாதீர்கள். யூனிட் இருக்கும் இடம் வெளியே தெரியாதிருப்பதற்கான அஞ்சல் ஏற்பாடு அது. தேதியையும் கடிதத்தில் வரும் குளிர், மழை, ரயில் பற்றிய பேச்சையும் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

விடுபட்டவற்றுக்கு ராணுவத்துக்கே எழுதலாம். ஜவான், ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) ஆகியோரின் ஆவணங்கள் அவரவர் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இருக்கும். 1780-இல் உருவான மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர் என்றால் அந்த அலுவலகம் பெங்களூரிலேயே இருப்பது நமக்கு வசதி. அதிகாரிகளின் கோப்புகளுக்கு டெல்லித் தலைமையகத்தை அணுக வேண்டும். எண், பதவி, பெயர், உங்கள் உறவுமுறைக்கான சான்று ஆகியவற்றை இணைத்து எழுதுங்கள். திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் எனப்படும் யூனிட்டின் பதிவு ஆணை வழியாகப் பதிவாவதால் அவற்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். நம்முடைய இனிஷியல் முறை ஆங்கிலப் படிவங்களில் அடிக்கடி சிதைந்திருக்கும். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அம்மாவின் பெயர் திருமணத்துக்கு முன்னும் பின்னும் வெவ்வேறாக இருக்கும். எல்லா வடிவங்களையும் கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது. ஓய்வூதியமின்றி விலகியவர்களின் தாள்கள் பொதுவாக 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுவதால், அத்தகையோர் விஷயத்தில் வீட்டு ட்ரங்குப் பெட்டியை முதலில் துழாவுங்கள். உலகப் போர்களில் இறந்த முன்னோர் இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம்.

பிள்ளைகளில் எவரேனும் இப்போதும் பணியில் இருந்தால், அவருடைய யூனிட்டின் பெயரையும் இருப்பிடத்தையும் உறவினர்களுக்குத் தரும் பிரதியில்கூடச் சேர்க்காமல், அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டுவையுங்கள்.