எம்35ஏ2 டீசல் டிரக் மக்கர் செய்தால் எங்கே தொடங்குவது?

அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் எம்35ஏ2 டிரக் கிளம்பவில்லை என்றால் பலருடைய கை நேராக எஃப்.ஐ. பம்ப்புக்கு (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) போகிறது. உண்மையில் கடைசியாகத் தொட வேண்டியது அது. டர்போ வைத்த எல்டிடி-465 மல்டிஃப்யூயல் (டீசல் தவிர வேறு எரிபொருளிலும் ஓடும்) இன்ஜின் ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர் கொள்ளளவு கொண்டது. பேட்டரி, டீசல் வரும் வழி இரண்டும் ஒழுங்காக இருந்தால் அது அநேகமாகக் கிளம்பிவிடும்.

பேட்டரியும் எர்த்தும்

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்துத்தான் இதில் 24 வோல்ட் கிடைக்கிறது. மொத்தமாக அளந்து 25 வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பாருங்கள். வண்டி நிற்கும்போது ஒவ்வொன்றிலும் 12.6 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். ஒன்று 12.7, இன்னொன்று 12.1 என்றால், ரேடியோவுக்கோ செல்போன் சார்ஜருக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் செய்யும். இறங்கிய பேட்டரி நிரம்பாது, நிறைந்திருக்கும் பேட்டரி கொதிக்கும். இரண்டையும் கழற்றி 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக ஏற்றுங்கள். இனி 12 வோல்ட் வேண்டுமென்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் எர்த்தைச் சோதியுங்கள். இன்ஜின் ஸ்டாப் குமிழை இழுத்து வைத்துவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது வண்டி கிளம்பாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிச் சுத்தம் செய்த இடத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளிலோ அதன் போல்ட்டிலோ துரு ஏறியிருக்கிறது. வண்டி ஓடும்போது மொத்தம் 28 வோல்ட் வாக்கில் வந்தால் சார்ஜிங் சரி.

டீசல் வழியில் ஏர்

இந்த வண்டியில் டேங்குக்குள்ளேயே ஒரு எலக்ட்ரிக் பம்ப் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டு டேங்க் மூடி அருகே காது வைத்தால் அது ஓடும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள்.

இந்தப் பம்ப் செத்துப்போனாலும் வண்டி ஓடும். எஃப்.ஐ. பம்ப்போடு இருக்கும் சப்ளை பம்ப் டேங்கிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். ஏமாறுவது இங்கேதான். டேங்க் பம்ப் வேலை செய்யும்வரை லைன் முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது, ஓஸிலோ ஃபில்டர் கேஸ்கெட்டிலோ சிறு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து ஈரமாகத் தெரியும். பம்ப் நின்றுவிட்டால் அதே ஓட்டை ஏரை உள்ளே உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் கிளம்ப அடம்பிடிக்கும், கிளம்பினாலும் ஐடிலில் ஏறி இறங்கும். ஆக, ஏர் எங்கே புகுகிறது என்று தேடுமுன் டேங்க் பம்ப்பைச் சரிசெய்யுங்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்விட்சை மட்டும் போட்டு, காய்ந்த துணியால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, பத்து நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும். கந்தகம் குறைத்த இன்றைய டீசலில் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது சகஜம், பழைய ஓஸ் எதையும் நம்ப வேண்டாம்.

டீசல் மூன்று ஃபில்டர்களைக் கடந்து போகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் டிரெயினைத் திறந்து கண்ணாடி ஜாடியில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கறுப்பாக வழவழவென்று ஏதாவது வந்தால் டேங்கில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அப்போது ஃபில்டருக்குள் இருக்கும் எலிமென்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்கையே காலி செய்து கழுவ வேண்டும்.

எலிமென்ட் மாற்றும்போது பழைய கேஸ்கெட் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதை வைத்து இறுக்கினால் அங்கேயே ஏர் புகும். பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, புதிய கேஸ்கெட்டை டீசலில் நனைத்து வையுங்கள். ஏர் எடுக்க இன்ஜினைச் சுற்ற வேண்டியதில்லை. ஸ்விட்சைப் போட்டு, டேங்க் பக்கமுள்ள ஃபில்டரில் தொடங்கி, ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது மூடுங்கள். அடுத்ததற்குப் போங்கள்.

அப்படியும் கிளம்பாவிட்டால் இன்ஜெக்டர் முனையில் பைப் நட்களை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் துப்பும்வரை செல்ஃப் அடித்து, இறுக்குங்கள். ஒருமுறைக்கு 15 வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் மோட்டார் ஆற ஒரு நிமிடமாவது விடுங்கள். பீய்ச்சும் டீசல் முன் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். ஈதர் ஸ்பிரேயும் கூடாது. இன்டேக் மேனிஃபோல்டில், உள்ளே போகும் காற்றைச் சுடரால் சூடாக்கும் ஃப்ளேம் ஹீட்டர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஆயில் கூடினால்

டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதைவிடக் கூடுவதுதான் இந்த இன்ஜினில் கவலைக்குரிய விஷயம். எஃப்.ஐ. பம்ப்பின் உள்சீல்கள் தேய்ந்தால் டீசல் நேராக ஆயில் சம்ப்பில் இறங்கும். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். நடுவில் கறுப்பு நின்று, அதைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவினால் டீசல் கலந்திருக்கிறது. பேரிங் தேயும், அதைவிட மோசமாக, ஏறிய ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றத் தொடங்கலாம். அப்போது ஸ்டாப் குமிழ் உதவாது. காற்று போகும் வாயைக் கனமான பலகையால் அடைக்க வேண்டும், அல்லது அதற்குள் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அடிக்க வேண்டும். கையால் மூடப் போகாதீர்கள்.

ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் சுமார் 21 லிட்டர் ஆயில் பிடிக்கும், 15டபிள்யூ-40 போதும். மாற்றியபின் ஸ்டாப் குமிழை இழுத்துவைத்து, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடித்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். அணைக்கும் முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது.

பிரேக்

எம்35ஏ2-வில் ஹைட்ராலிக் பிரேக், அதற்கு உதவியாகக் காற்று. மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சர்க்யூட். ஏதாவது ஒரு சக்கரத்தில் ஓஸ் வெடித்தால் ஆறு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அதனால் ரப்பர் ஓஸ்கள் பார்க்க நன்றாக இருந்தாலும், வயதாகிவிட்டால் மாற்றிவிடுவதே மேல்.

பிரேக் ஆயில் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் ஏர்பேக்கை (காற்றழுத்தத்தால் பிரேக்குக்கு வலு கூட்டும் பூஸ்டர், விபத்தில் விரியும் காற்றுப் பை அல்ல) சந்தேகியுங்கள். உள்சீல் போய் ஆயில் காற்றுப் பக்கம் கடக்கிறது. ராணுவம் இதில் ஊற்றியது ஊதா நிற டாட் 5 சிலிக்கோன் பிரேக் ஆயில். அதோடு டாட் 3, டாட் 4 எதையும் கலக்காதீர்கள். சிலிக்கோன் தண்ணீரை உறிஞ்சாது, புகுந்த தண்ணீர் தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கித் துருவேற்றும். டப்பாவைக் குலுக்கினால் பொடிக் குமிழிகள் நெடுநேரம் அடங்காது, மெதுவாக ஊற்றுங்கள். முதலில் ஏர்பேக், பிறகு தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து வரிசையாக ஏர் எடுங்கள். ஏர் டேங்க் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள்.

சக்கரம் கழற்றும்போது

ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால்தான் பிடிக்கிறது. அதை மட்டும் நம்பி, கட்டை வைக்காமல் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்காதீர்கள். இடப்பக்க நட்கள் இடமரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருகினால்தான் கழலும். 'கழலவில்லை' என்று பைப் போட்டு எதிர்த்திசையில் திருகினால் ஸ்டட் முறியும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் உள்சக்கரத்துக்குத் தனி நட் இருக்கிறது. அதை இறுக்க வெளி நட்டைத் தளர்த்தியாக வேண்டும், தளர்த்தாமல் இறுக்கினால் உள்சக்கரம் ஆடிக்கொண்டேயிருக்கும்.

ரிம்மில் டயரைப் பிடித்துவைக்கும் லாக் ரிங் இருப்பதால், ரிங்கைத் தொடுமுன் வால்வ் கோரைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். திரும்பக் காற்றடிக்கும்போது டயர் கூண்டுக்குள் இருக்கட்டும், நீளமான ஓஸ் போட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். துரு தின்ற ரிங்கையோ வளைந்த ரிங்கையோ சுத்தியால் தட்டி நேராக்கி மாட்டாதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.