ஆம்ப்ளிஃபையர் வாங்காமலே சி.பி. ரேடியோவைச் சரிசெய்த கதை (என் அனுபவம்)
டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டிலிருந்து சி.பி. ரேடியோவில் (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தூர வயர்லெஸ்) பேசினால், இசிப்பிங்கோவில் இருக்கும் மச்சானுக்கு வெறும் கரகரப்புதான். "பவரைக் கூட்ட ஒரு ஆம்ப்ளிஃபையர் போடு மச்சான்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பவரை 4 மடங்கு கூட்டினால்தான் அந்தப்பக்க மீட்டரில் முள் ஒரு எஸ் அளவு (சிக்னல் பலத்தில் ஒரு படி) ஏறும், அதுவும் ஆன்டெனா கேபிள் லைன் பழுதாக இருந்தால் திரும்பி வரும் பவர் டிரான்சிஸ்டரையே சுட்டுவிடும், சட்டச் சிக்கல் வேறு.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1-க்குப் பக்கத்தில் நின்றால் நல்லது) மாட்டினேன், 3-ஐத் தாண்டியது. கூரையேறி ஆன்டெனா அடியில் டேப்பை உரித்தால் பிளக் முழுக்கப் பச்சைக் களிம்பு, கேபிளின் செம்புப் பின்னல் கறுத்து, தொட்டாலே உதிர்ந்தது. டர்பன் கடற்காற்று சும்மா விடுமா? நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதுப் பிளக் பற்றவைத்து, ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். அப்புறமும் மேல் சேனல்களில் முள் கூடுதலாக நின்றது, அப்படியென்றால் ஆன்டெனா கம்பியின் நீளம் அதிகம் என்று அர்த்தம். கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளியதும் மீட்டர் 1.3-க்கு இறங்கியது. அதே 4 வாட்டில் மச்சான் வீட்டு நாய் குரைப்பதுகூடக் கேட்கிறது.