பழங்காலச் சைக்கிள் வீரரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி: லூயிஜி கன்னாவை முன்வைத்து

1909இல் நடந்த முதல் ஜிரோ தி இத்தாலியாவை, அதாவது இத்தாலியைச் சுற்றிவரும் பல நாள் சைக்கிள் பந்தயத்தை, வென்றவர் லூயிஜி கன்னா என்ற ஒற்றை வரியோடு பல குறிப்புகள் நின்றுவிடுகின்றன. அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் அந்த வெற்றியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் வாசகருக்கு அரைச் செய்திதான் போய்ச் சேரும்.

எழுதத் தொடங்கும்போது வெற்றிப் பட்டியலைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, வீரர் என்ன வேலை செய்து பிழைத்தார் என்று பாருங்கள். கன்னா 1883 டிசம்பர் 1 அன்று வரேசே நகரை அடுத்த இந்துனோ ஒலோனாவில் பிறந்தவர், கொத்தனார். வேலைக்காக மிலானுக்கும் ஊருக்கும் நாள்தோறும் ஏறக்குறைய 100 கி.மீ. சைக்கிள் மிதித்தவர் என்பார்கள். பிற்காலத்தில் நெடுந்தொலைவுப் பந்தயங்களில் அவருக்கு வாய்த்த தாங்குதிறனை விளக்க இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது.

அடுத்து, அந்த ஆண்டின் போட்டி விதியைத் தேடிப் படியுங்கள். என் கருத்தில் இந்த வேலையின் உயிரே இதுதான். 1909 மே 13 அன்று விடியுமுன் மிலானிலிருந்து 127 பேர் புறப்பட்டனர். மொத்தம் 8 கட்டங்கள் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்), 2,448 கி.மீ.; முதல் நாள் பொலோனியா வரையே 397 கி.மீ. முடித்தவர்கள் 49 பேர் மட்டுமே. வெற்றி நேரத்தால் அல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் பிடித்த இடத்துக்கான புள்ளிகளால் முடிவானது. புள்ளி குறைந்தவரே முதல்வர். கன்னா 25, கார்லோ கலெத்தி 27, ஜொவான்னி ரொசிஞோலி 40. நேரத்தைக் கூட்டியிருந்தால் முதலிடம் ரொசிஞோலிக்குப் போயிருக்கும். ஒருவர் அரை மணி நேரம் முந்தி வந்தாலும் அரை நிமிடம் முந்தி வந்தாலும் புள்ளிக் கணக்கில் அது ஒன்றே என்பதை வாசகருக்கு இரண்டு வரியிலாவது விளக்கிவிடுங்கள். இதைச் சொல்வது கன்னாவின் பெருமையைக் குறைக்காது. அன்றைய விதிக்கு ஏற்ப ஓட்டி வென்றார் என்பதையே காட்டும்.

பிறகு ஏதேனும் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில், மிலானை நெருங்கும் வேளையில் கன்னாவின் சக்கரம் பஞ்சராகிப் பின்தங்கினார்; முன்னே சென்றவர்களை மூடிய ரயில்வே கேட் ஒன்று நிறுத்தி வைக்க, அவர் எட்டிப் பிடித்துவிட்டார். வென்றதும் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், உட்காரும் இடம் எரிகிறது என்று தம் வட்டார மொழியில் பதில் சொன்னாராம். அந்தச் சாலைகளின் நிலையை இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

பிற்கால வழக்கங்களை முன்னே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். ஜிரோவில் முன்னிலையில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டை 1931இல்தான் வந்தது. ஆகவே கன்னா அதை அணிந்ததாக எழுதுவது தவறு. அதே 1909இல் அவர் மிலான் - சான் ரெமோ பந்தயத்தை வென்ற முதல் இத்தாலியரானார் என்பதையும், அதற்கு முந்தைய ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் ஐந்தாம் இடம் பிடித்தார் என்பதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளலாம்.

பந்தயத்தை விட்டதோடு குறிப்பையும் முடித்துவிடுவது பலர் செய்யும் தவறு. கன்னா தம் பெயரிலேயே சைக்கிள் தயாரிக்கும் தொழிலை நடத்தினார். 1951இல் இத்தாலிய வீரர் ஃபியோரென்ஸோ மஞ்ஞி ஜிரோவை வென்றது கன்னா அணிக்காகத்தான். 1957இல் மறைந்த அந்தப் பழைய கொத்தனார், தம் பெயர் தாங்கிய அணி அந்த வெற்றியை அடைந்ததை உயிரோடிருந்து கண்டார்.