கண்மாய் வேலை பலித்ததா? மதிப்பிடக் கிளம்பும் புதியவர்களுக்கு

ஊராரே கூடி ஏரி, கண்மாய்களைச் செப்பனிடும் பழைய முறைதான் குடிமராமத்து. 2017-ல் தமிழக அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது முதல் கட்டமாக ரூ.100 கோடியில் 1,519 வேலைகளை எடுத்தது. செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு என்று வைத்தது. பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றது. ஊரின் சொந்த பலத்தை நம்பி நடக்கும் இப்படியொரு வேலையை எப்படி மதிப்பிடுவது? எத்தனை லோடு மண் அள்ளினார்கள் என்று எண்ணிவிட்டு வருவது சுலபம். ஜேசிபிக்காரர் பில்லிலேயே அது இருக்கும். ஆனால் வேலை பலித்ததா என்று அது சொல்லாது.

1. வேலை தொடங்கும் முன்பே போய்விடுங்கள். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கோலப்பொடியால் கண்மாயை வரையச் சொல்லுங்கள். கரை, மடை, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாம் வந்துவிடும். பெண்களும் ஆடு மாடு வைத்திருப்பவர்களும் தனியாக வரையட்டும். அதே கண்மாய் வேறு மாதிரி வரும். அப்புறம் கேளுங்கள்: மடை திறக்கும் நீர்க்கட்டி யார்? அறுப்புக்கு அவருக்கு இன்னும் நெல் அளக்கிறார்களா? மீன் ஏலப் பணம் எங்கே போகிறது? கடைசியாக ஊர்க்கூட்டம் எப்போது? எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள்.

ஒரு விஷயம். பல ஊர்களில் நீர்க்கட்டி ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். நாம் ‘ஊரின் பலம்’ என்று குறித்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கூலி குறைந்த சுமையாக இருக்கலாம். கூட்டத்தில் அதைச் சொல்ல மாட்டார். அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

2. “வேலை நல்லா முடிஞ்சதுன்னு எதை வச்சுச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். கடைமடை வயலுக்கு முறைத்தண்ணீர் வரணும், மாசி வரை மாடு குடிக்கத் தண்ணீர் நிக்கணும் என்பார்கள். அதில் நாலைந்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் போதும்.

3. மழையைக் கழித்துப் பாருங்கள். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தால் தூர்வாராத கண்மாயும்தான் நிரம்பி மறுகால் போகும். அதனால் வேலை நடக்காத பக்கத்து ஊர்க் கண்மாய் ஒன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். இரண்டிலும் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதை மழை அளவோடு வைத்து ஒப்பிடுங்கள்.

4. பணம் நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி போங்கள். வரத்துக்காலில் சீமைக்கருவேல் முளைத்திருக்கிறதா? முளைத்ததை யார் வெட்டினார்கள், யார் செலவில்? நீர்க்கட்டியின் கூலி ஏறியதா?

சரி, எழுதியாயிற்று. அதை அதே மந்தையில் வாசித்துக் காட்டுங்கள். தப்பு என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். ஒரு படி ஊர்க் கணக்கு நோட்டோடு இருக்கட்டும்.