ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு முன்மொழிவு எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

"மேப் செயலியில் மலைப்பாதைக்கென்று ஒரு பட்டன் வேண்டும்." ஊட்டிக் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படி எழுதி அனுப்பினால் அது கிடப்பில்தான் கிடக்கும். எங்கோ சமவெளியில் உட்கார்ந்து அதைப் படிக்கும் பராமரிப்பாளருக்கு, அதாவது நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தைக் கவனித்துக்கொள்பவருக்கு, இதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. தீர்வை முதலில் வைத்துப் பிரச்சினையைச் சொல்லாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பட்டனை மறந்துவிட்டு நடப்பதை எழுதுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு அதிகம். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். கூடலூர் வழி சுற்றுதான், ஆனால் இவ்வளவு செங்குத்து இல்லை. தூரத்தை மட்டும் பார்க்கும் செயலி, மலை ஓட்டிப் பழகாதவரையும் கல்லட்டிப் பக்கமே திருப்பிவிடும். இவ்வளவையும் படித்தபின், வழியைக் கணக்கிடும்போது சரிவையும் சேர்க்கலாமே என்று பராமரிப்பாளர்களுக்கே தோன்றும்.

அதற்கும் முன்னால், கோளாறு செயலியிலா, தரவிலா என்று பார்த்துவிடுங்கள். பல மேப் செயலிகள் தரவு எடுக்கும், யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையின் சரிவைக் குறிக்கத் தனிக் குறிச்சொல்லே உண்டு. அது பதிவாகாமல் இருந்தால் நீங்களே சேர்க்கலாம், யாரிடமும் முன்மொழிய வேண்டியதில்லை.

பழைய முன்மொழிவுகளைத் தேடாமல் எழுதுவது அடுத்த தவறு. பைத்தான் நிரல்மொழியில் 'ஸ்விட்ச்' (ஒரு மதிப்பைப் பார்த்து அதற்கேற்ற வேலைக்குத் தாவும் கட்டளை) வேண்டும் என்று 2001-லேயே ஒரு முன்மொழிவு வந்தது, ஏற்கப்படவில்லை. மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமே 2006-ல் பெப் 3103 என்று ஒன்றை எழுதினார் (பைத்தானுக்கான முன்மொழிவுகளைப் பெப் என்பார்கள்). 2007-ல் பைத்தான் மாநாடான பைகானில் கூட்டத்தைக் கேட்டுப் பார்த்தார், ஆதரவு இல்லை. தன் முன்மொழிவைத் தானே நிராகரித்தார். 2021-ல் பைத்தான் 3.10-ல் 'மேட்ச்' என்ற கட்டளை வந்தது. மதிப்பை ஒப்பிடுவதோடு நிற்காமல், தரவின் அமைப்பையே பிரித்துப் பார்க்கும் வசதியை அது கொண்டுவந்தது. நிராகரித்த யோசனையைத் திரும்பக் கொண்டுபோவதில் தவறே இல்லை. அன்று எதற்காக வேண்டாம் என்றார்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஒரே முன்மொழிவில் நாலு ஆசைகளைக் கட்டிவிடாதீர்கள். ஒன்றில் சிக்கல் வந்தால் மற்ற மூன்றும் அதோடு நின்றுபோகும். சந்தேகம் இருந்தால் பிரித்துவிடச் சொல்கிறது, முன்மொழிவு எழுதும் முறையை விளக்கும் பைத்தானின் பெப் 1.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் உடையுமா என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-ல் எழுதிய பல நிரல்கள் அதில் அப்படியே ஓடவில்லை. பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-ல். ஒரு பொருந்தாமை எத்தனை பேருக்கு எத்தனை வருட வேலையாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எது உடையும், யாருக்கு உடையும், மாறிக்கொள்ள எவ்வளவு அவகாசம் தருவீர்கள் என்று தனிப் பகுதியாகவே எழுதுங்கள்.

நீங்கள் யோசித்துக் கைவிட்ட வழிகளையும் காரணத்தோடு சேருங்கள், பாதிக் கேள்விகள் அங்கேயே அடங்கிவிடும். நிரலை எழுதப்போவது யார், பிறகு பராமரிக்கப்போவது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்களால் சோதித்துத் தர மட்டும்தான் முடியும் என்றால் அதையே எழுதலாம். கல்லட்டியில் வண்டி ஓட்டிச் சோதித்துச் சொல்ல அவர்களுக்கும் ஆள் வேண்டுமே.