மூளைச் சிரை உறைவு: பரம்பரைக் காரணத்தை எப்போது சோதிப்பது?

மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே மூளைச் சிரை உறைவு. படுத்தால் கூடுகிற, நாளுக்கு நாள் வலுக்கிற தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவரும் அண்மையில் பிள்ளை பெற்றவரும் கேட்காமலே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேனில் உறைவு தெரியாமலும் போகலாம் என்பதால், சிரைகளையே காட்டும் எம்.ஆர். அல்லது சி.டி. வீனோகிராம் தேவைப்படும். உறைவின் அழுத்தத்தால் மூளையில் இரத்தம் கசிந்திருந்தாலும் பெரும்பாலும் ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு ஊசி மருந்தைக் கொடுப்பார்கள். கேட்டதும் வீட்டார் பதறுவது இயல்பே, ஆனால் அடைப்பு நீடித்தால் கசிவும் மோசமாகும்.

பரம்பரைக் காரணத்தைத் தேடுவது அடுத்த வேலை. பலரும் அதில்தான் அவசரப்படுகிறார்கள். ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் (1994இல் கண்டறியப்பட்டது), புரோத்ராம்பின் மரபணு மாற்றம் (1996) ஆகிய இரண்டும் இரத்தம் எளிதில் உறையச் செய்யும் பரம்பரை மாற்றங்கள்; இவற்றுக்கானவை மரபணுச் சோதனைகள் என்பதால் எந்த நாளில் இரத்தம் எடுத்தாலும் முடிவு மாறாது. உறைவைக் கட்டுப்படுத்த உடலே உருவாக்கும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் கதை வேறு. புதிய உறைவே இவற்றைச் செலவழித்துவிடும். ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினையும், உறைதடுப்பு மாத்திரையான வார்ஃபரின் புரோட்டீன் சி, எஸ் இரண்டையும், கர்ப்பமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் புரோட்டீன் எஸ்ஸையும் குறைத்துக் காட்டும். வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்த ‘புரோட்டீன் எஸ் குறைவு’ என்ற அறிக்கையைப் பரம்பரைக் குறையாகக் கொள்ளலாகாது. மருத்துவர் மருந்தை நிறுத்திய சில வாரங்களுக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும். சோதனைக்காக யாரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

சோதிக்கும் முன், முடிவு எதை மாற்றும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உறைதடுப்பு மருந்து வழக்கமாக 3 முதல் 12 மாதம் வரை தொடரும். ஆன்டித்ராம்பின் குறைபாடு போன்ற கடுமையான குறை உறுதியானாலோ உறைவு மீண்டும் வந்தாலோ காலவரையின்றி நீளலாம். ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் ஒரு பிரதி மட்டும் (தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து) இருப்பது பெரும்பாலும் அந்தக் கணக்கைத் தனியாக மாற்றுவதில்லை. ஆயினும் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே கருத்தடை மாத்திரை தொடங்க நினைக்கும் மகளோ தங்கையோ இருந்தால் செய்தியை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அறிக்கையின் மேல் ஓரத்தில் இரத்தம் எடுத்த தேதியையும் அன்று உட்கொண்ட மருந்துகளையும் எழுதி வையுங்கள். அடுத்த மருத்துவர் எண்களுக்கு முன் அதைத்தான் தேடுவார்.