எனாமல் டயல் உலக நேர வாட்ச்: முதலில் டயலைப் பாருங்கள்

ஒரு க்ளாய்சனே டயலை, அதாவது மெல்லிய தங்கக் கம்பியால் உருவத்தை வளைத்து நடுவே வண்ண எனாமல் நிரப்பிய டயலை, முதல்முறை லென்ஸ் வைத்துப் பார்த்த அன்று, அந்த வாட்ச் என்ன நேரம் காட்டியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். டயலில் உள்ள உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் கரை முழுக்க முடியைப் போன்ற தங்கக் கம்பி ஓடுகிறது. மடகாஸ்கர் தனியே ஒரு சின்ன வளையம். கம்பியின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் மிக மெல்லிய இடைவெளி. கடல் கரையோரம் வெளிறி, உள்ளே போகப் போக கறுத்துக்கொண்டே போகிறது. வாட்சைக் கொஞ்சம் சாய்த்தால் கம்பி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மின்னிவிட்டு அடங்குகிறது. யாரோ ஒருவர் இடுக்கியால் வளைத்து வைத்த கம்பி அது.

உலக நேர வாட்ச் என்றால் உலகின் பல நகரங்களின் நேரத்தை ஒரே டயலில் காட்டும் வாட்ச். எனாமல் டயல் உள்ள இந்த வகை வாட்ச் சேர்க்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டயலைத் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இயந்திரம் பழுதானால் சரிசெய்யலாம், தேய்ந்த சக்கரத்தைப் புதிதாகக்கூடச் செய்யலாம். எனாமல் விரிசல் விட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மறுபடி சூளையில் வைத்தால் மிச்சமிருப்பதும் போய்விடக்கூடும்.

ஏன் அவ்வளவு எளிதில் விரிசல் விடுகிறது? எனாமல் என்பது கண்ணாடிதான். சிலிக்காவோடு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து உருக்கி, பொடியாக்கி, கழுவி, ஈரத்தோடு தூரிகையால் கம்பிகளுக்கு நடுவே நிரப்புகிறார்கள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு. சுமார் 800 டிகிரி சூளையில் வைத்தால் பொடி உருகி அடங்கும், குழி விழும், மறுபடி நிரப்ப வேண்டும். இப்படிப் பல தடவை. அடியில் இருக்கும் தங்கத் தகடும் மேலே இருக்கும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் தகடு வளையாமல் இருக்கப் பின்பக்கமும் எனாமல் பூசுவார்கள். கடைசிச் சூட்டில் ஒரு குமிழ் வெடித்தால் அத்தனை நாள் வேலையும் வீண். இதெல்லாம் தெரிந்தால்தான் லென்ஸில் எதைத் தேடுவது என்று புரியும்.

கண்ணைப் பழக்க விலை உயர்ந்த வாட்ச் தேவையில்லை. வெள்ளை எனாமல் டயல் உள்ள பழைய பாக்கெட் வாட்ச் ஒன்று, விரிசல் விட்டதாகவே பார்த்து வாங்குங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு கோணத்தில் மட்டும் சாம்பல் நிறக் கோடு தெரியும். பெரும்பாலும் அது விளிம்பிலிருந்தோ, முள் வெளியே வரும் நடுத் துளையிலிருந்தோ, பின்னால் டயலின் கால்கள் (டயலை இயந்திரத்தோடு பொருத்தும் சின்னக் குச்சிகள்) இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயோ தொடங்கும். இந்தக் கோட்டை ஒரு நூறு தடவை பார்த்துவிட்டால் பிறகு உங்கள் கண் அதைத் தானே பிடித்துவிடும்.

எனக்கு இது தெரியாமல் போனதன் விலை பெரிது. முதல் உலக நேர வாட்சைப் படங்களை மட்டும் நம்பி வாங்கினேன். எல்லாப் படங்களும் நேர் மேலிருந்து எடுத்தவை, அழகாக இருந்தன. வந்த பிறகு ஒரு இரவு புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். கடலில், விளிம்பை ஒட்டி, நகக்கண் அளவு இடம் மட்டும் மற்ற இடங்களிலிருந்து வேறாக ஒளிர்ந்தது. உடைந்த இடத்தைப் பிசின் வைத்து நிரப்பி வண்ணம் தீட்டியிருந்தார்கள். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மூன்று விஷயம் கேட்காமல் நான் பணம் கொடுப்பதில்லை: வாட்சைச் சாய்த்துத் திருப்பி எடுத்த வீடியோ, புற ஊதா வெளிச்சத்தில் ஒரு படம், டயலைத் தொட்ட பழுதுபார்ப்பு எதுவும் நடந்ததா என்பதற்கு எழுத்தில் பதில். மூன்றாவதைத் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

போலியும் உண்டு. அச்சடித்த டயலை லென்ஸில் பார்த்தால் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரியும். அச்சில் எழுப்பிய கோடுகளுக்கு நடுவே பிசின் ஊற்றியதில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில், எந்த வளைவிலும் கை நடுங்காமல் இருக்கும். நிஜக் கம்பியில் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு இருக்கும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். சுரண்டிப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். இன்று நாம் பார்க்கும் அமைப்பை 1931இல் உருவாக்கியவர் ஜெனீவா வாட்ச் கைவினைஞர் லூயி கோட்டியே. வெளி வளையத்தில் நகரங்கள், உள்ளே 24 மணி வளையம். அந்த உள் வளையம் இடஞ்சுழியாக ஒரு நாளைக்கு ஒரு சுற்று வரும். உங்கள் ஊரைப் பன்னிரண்டு மணி இடத்துக்குக் கொண்டுவந்தால், நடுவில் உள்ள முட்கள் உங்கள் நேரத்தையும், ஒவ்வொரு நகரத்துக்கும் நேரே உள்ள எண் அங்கே என்ன மணி என்பதையும் காட்டும். சுவிஸ் வாட்ச் நிறுவனமான பட்டேக் ஃபிலிப் 1953இல் கொண்டுவந்த 2523 என்ற மாடலில் நகர வளையத்தைத் திருப்பவே இரண்டாவது கிரவுன் (பக்கத்தில் உள்ள திருகுக் குமிழ்) இருந்தது. 2000இல் வந்த 5110 மாடலில் ஒரு பொத்தானை அழுத்தினால் மணி முள்ளும் இரண்டு வளையங்களும் ஒரு படி நகரும், நிமிட முள் அசையாது. அந்த நிறுவனத்தை 1932இல் வாங்கிய ஸ்டெர்ன் சகோதரர்கள் அதற்கு முன் டயல் செய்யும் தொழிலில் இருந்தவர்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

வாங்கும்போது பொத்தானை இருபத்து நான்கு தடவையும் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நகரப் பெயர் எண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். முதல்முறை நேரம் வைக்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்று: முட்கள் சரியாக இருக்கும், 24 மணி வளையம் மட்டும் பகலில் இரவைக் காட்டும். முட்களை இன்னும் பன்னிரண்டு மணி நேரம் முன்னே நகர்த்தினால் சரியாகிவிடும். கோடைக்கால நேர மாற்றம் இந்த வளையத்துக்குத் தெரியாது, லண்டனுக்குக் கோடையில் ஒரு மணி நீங்கள்தான் கூட்ட வேண்டும். இருபத்து நான்கு நகர வளையத்தில் இந்தியா, இலங்கை போன்ற அரை மணி நேர நாடுகளுக்கும், நேபாளத்தின் முக்கால் மணிக்கும் இடமில்லை. இன்னொரு சுவிஸ் நிறுவனமான வஷரோன் கான்ஸ்டன்டின் 2011இல் 37 நேர வலயங்கள் காட்டும் வாட்சைக் கொண்டுவந்தது, ஆனால் அதன் டயல் எனாமல் இல்லை. எனக்கு எனாமல்தான் முக்கியம், அரை மணியை மனக்கணக்கில் கூட்டிக்கொள்வேன்.

நகரப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள், அவை வாட்சின் வயதைச் சொல்லும். ரஷ்யா 2011இல் மாஸ்கோவைக் கிரீன்விச்சிலிருந்து 4 மணி முன்னே வைத்தது, 2014இல் மறுபடி 3 மணிக்கே கொண்டுவந்தது; அதற்கேற்ப வளையத்தில் மாஸ்கோவின் இடமும் மாறும். ஆவணத்தில் உள்ள ஆண்டுக்கும் வளையத்தில் உள்ள நகர வரிசைக்கும் பொருந்தவில்லையென்றால் வளையம் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். மாற்றியது தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. பழைய வாட்ச் என்றால் கேஸ் (வாட்சின் வெளிக்கூடு) எண்ணையும் இயந்திர எண்ணையும் தயாரித்த நிறுவனத்தின் ஆவணச் சான்றோடு ஒப்பிடாமல் முடிவெடுக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது? 1950களின் க்ளாய்சனே 2523 எல்லாம் ஏலக் கூடத்தில் கண்ணால் பார்த்து ரசிக்க வேண்டியவை. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் போனால் கையில் எடுத்தே பார்க்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். பட்டேக்கின் 5131, 2019இல் வந்த 5231 ஆகியவை நம் காலத்து க்ளாய்சனே வரைபட டயல்கள். அவையும் எட்டாத தூரம் என்றால் வாட்ச் கைவினைஞர் ஸ்வென் ஆண்டர்சன் ஜெனீவாவில் நடத்திய பட்டறையின் உலக நேர வாட்சுகளைப் பாருங்கள். அவசரம் வேண்டாம். நான் இரண்டாவது வாட்ச் வாங்கப் பல வருடம் காத்திருந்தேன்.

வாங்கிய பிறகு, எனாமல் நிறம் மங்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கீழே விழாமலும் எங்கும் இடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட ஆபத்தான நேரம் சர்வீஸ். முள்ளை எடுக்கும்போது டயல்மேல் அழுத்தினாலோ, டயல் கால்களைப் பிடிக்கும் திருகை அளவுக்கு மேல் முறுக்கினாலோ அங்கேயே கீறல் விழும். எனாமல் டயலைக் கழற்றிப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள், ஒரே விளக்குக்குக் கீழே, எட்டுக் கோணத்தில் டயலைப் படமெடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதே விளக்கு, அதே எட்டுக் கோணம், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே.